வெட்டுக்கல் மேல் ஏறிய கட்டில்

பாலக்காட்டுக் கணவாய்

ஆடிக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கோவைக்காரர்களைக் கேட்டால் மேற்கே கையைக் காட்டுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் விலகி வழி விட்டிருக்கிறது. எட்டிமடை வரை வெயிலும் புழுதியும்தான். கஞ்சிக்கோடு தாண்டியதும் ரயில் ஜன்னல் கம்பியெல்லாம் மழை. நமக்கு ஆடி, அவர்களுக்குக் கர்க்கடகம். நாம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதத்தில் அவர்கள் மருந்துக் கஞ்சி குடிக்கிறார்கள்.

பாலக்காட்டை விட்டதும் பாரதப்புழை கூடவே வரத் தொடங்கிவிடுகிறது. நம் ஆனைமலையில் பிறந்து பொன்னானியில் கடல் சேரும் ஆறு. கோடையில் மணலும் நாணலுமாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது செம்மண் நிறத்தில் கரை மறைய ஓடிக்கொண்டிருந்தது.

நான் பிசியோதெரபிஸ்ட். மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று அளக்கும் கோனியோமீட்டர் என் மேசையில் எப்போதும் இருக்கும். முழங்கால் அறுவை முடிந்து வருகிறவருக்கு இந்த வாரம் எழுபது பாகை, அடுத்த வாரம் தொண்ணூறு. எண் ஏறினால் எனக்கும் சந்தோஷம், பில் கட்டுகிறவருக்கும் சந்தோஷம். நோய் முற்றியவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. புற்று எலும்புக்குப் பரவிவிட்டது என்று ரிப்போர்ட் வந்த அன்றே அவர்களுடைய சீட்டிலிருந்து பிசியோ என்ற வரி காணாமல் போய்விடும். "இனிமே எக்சர்சைஸ் எதுக்கு மேடம், பாவம், படுத்திருக்கட்டும்" என்று சொந்தக்காரர்களும் சொல்வார்கள், டாக்டர்களும் சொல்வார்கள். படுத்தே கிடந்தால் தோள் இறுகும், குதிகால் புண்ணாகும், நெஞ்சில் சளி தங்கும், கட்டிலை விட்டு இறங்கவே பயம் வரும். மருந்து எடுபடாத நோயோடு மருந்தே தேவைப்படாத இத்தனை துன்பங்களும் சேர்ந்துகொள்ளும். இதை நினைத்து எரிச்சல்பட்டதுதான் மிச்சம். மாற்றாக என்ன செய்வதென்று எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தவர்கள் மலபாரில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் ரயில் ஏறினேன்.

கோழிக்கோடு

மிட்டாய்த் தெருவில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு நடை. கறுப்பு, பச்சை, ஆரஞ்சு என்று கண்ணாடிக்குப் பின்னால் பாளம் பாளமாக அல்வா. எலுமிச்சை பிழிந்த சுலைமானி ஒரு கிளாஸ். நம் ஊரில் பால் இல்லாத டீயைக் காய்ச்சல்காரருக்குத்தான் கொடுப்போம். இங்கே பிரியாணிக்குப் பிறகு அதைக் குடிக்காமல் எழுந்திருப்பதில்லை.

1993ல் இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன அறையில் வலி தணிக்கும் கிளினிக் ஒன்று தொடங்கியது. டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றவர்கள் சேர்ந்து நடத்தியது. 1985ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்பினைத் தொடவே தயங்கிய காலம் அது. மருத்துவத்துக்கான மார்பினுக்கு வழியை எளிதாக்கும் திருத்தம் அந்தச் சட்டத்தில் வந்தது 2014ல்தான். அந்த அறை வளர்ந்து இன்று தனி நிறுவனமாகி, ஊர் ஊருக்குக் கிளை விட்டிருக்கிறது. நோயின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் இந்தக் கவனிப்புக்கு இங்கே பெயர் 'பாலியேட்டிவ்'. ஆட்டோக்காரரிடம் அந்த ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழி கேட்காமல் கொண்டு போய் விடுகிறார்.

அங்கே வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் பையன் என்னைவிட வயதில் சின்னவன். பேய்ப்பூர் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனான். நோயாளி அந்தக் காலத்துக் கலாசி. உரு என்று சொல்லும் பெரிய மரக்கப்பல்களைக் கயிறும் கப்பியும் கைபலமுமாகத் தண்ணீரில் இறக்குகிறவர்கள் கலாசிகள். 1988ல் பெருமண்ணில் ரயில் பெட்டிகள் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது இழுத்துப் போடப் போனவர்களும் இவர்கள்தான். இவருக்கு இப்போது நுரையீரலில் புற்று. கட்டிலிலிருந்து குளியலறை பத்தடி தூரம்கூட இருக்காது, அதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்து நின்றுவிடுகிறார். தோள் எலும்பு மட்டும் இன்னமும் அகலமாக இருக்கிறது.

உடற்பயிற்சி ஏதாவது சொல்லித் தருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் முதலில் கேட்டது, "இக்கா, உங்களுக்கு என்ன செய்ய முடிந்தால் போதும்?" என்பதுதான்.

"கக்கூசுக்கு யாரும் கூட வரக் கூடாது."

அதற்குத்தான் அரைமணி நேரம் வேலை நடந்தது. பாதி வழியில் ஒரு ஸ்டூல் போடப்பட்டது. மூச்சு முட்டினால் அதில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, இரண்டு முழங்கையையும் தொடையில் ஊன்ற வேண்டும். தோள் தாங்கலாகிவிட்டால் நெஞ்சுத் தசைகளுக்கு மூச்சு இழுக்கும் வேலை சுலபம். குளிப்பதும் உட்கார்ந்தபடிதான். எழுந்திருக்கும்போதும், படி ஏறும்போதும், எந்த முயற்சியின் போதும் மூச்சை வெளியே விட வேண்டும். இதை நாங்கள் வகுப்பில் பக்கம் பக்கமாகப் படித்தோம். பையன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "கயிறு இழுக்கும்போது எல்லாரும் சேர்ந்து விளிப்பீங்கல்ல, அதேதான்." கிழவர் சிரித்துவிட்டார். கலாசிகளின் விளி, இழுக்கும் கணத்தில் மூச்சை வெளியேற்றும் வித்தை. நாற்பது வருஷம் செய்த வேலை அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தது. வாய்க்குள்ளேயே பழைய விளியை முனகிக்கொண்டு எழுந்தார், நடந்தார், ஸ்டூலில் ஒரு தடவை உட்கார்ந்தார், போய்ச் சேர்ந்தார்.

பேட்டரியில் ஓடும் கைவிசிறி ஒன்றையும் பையன் விட்டுவிட்டு வந்தான். கன்னத்திலும் மூக்கிலும் மேலுதட்டிலும் குளிர்ந்த காற்று பட்டால் மூச்சுத் திணறும் உணர்வு தணிகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவர்களுக்கு சிலிண்டர் ஆக்சிஜன், சாதாரணக் காற்றைவிடக் கூடுதலாக எதுவும் செய்வதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் ஊரில் கடன் வாங்கியாவது சிலிண்டர் எடுத்து வைப்பார்கள். விசிறியைச் சொன்னால் ஏமாற்றுகிறோம் என்று நினைப்பார்கள்.

கோட்டக்கல்

இந்த ஊர் முழுக்கக் கஷாய வாசனை. பி.எஸ்.வாரியர் 1902ல் தொடங்கிய ஆரிய வைத்தியசாலை இங்கேதான். கர்க்கடகத்தில் எண்ணெய் உழிச்சிலுக்கு ஊர் ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்குவார்கள். நான் தங்கிய வீட்டில் காலையில் கர்க்கடகக் கஞ்சி கிடைத்தது. நவரை அரிசி, வெந்தயம், தேங்காய்ப்பால், பெயர் தெரியாத இலைகள். முதல் வாய் கசந்தது. அப்புறம் பழகிவிட்டது.

உழிச்சில் ஊரில் பிசியோ பார்ப்பது எளிதல்ல. உடம்பைத் தொடுகிறவர் என்றால் அழுத்தி நீவத்தான் வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். நம் பக்கத்துச் சுளுக்கு வழிப்பவர்களை நினைத்துக்கொண்டேன். வீங்கிய காலில் ரத்தக்கட்டி இருக்கலாம், நீவினால் அது நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடும். புற்று அரித்த எலும்பை அழுத்தினால் முறிந்துவிடும். இதையெல்லாம் சொன்னால், "அப்புறம் நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்கிறார்கள். ஞாயமான கேள்விதான்.

மார்பகப் புற்றுக்கு அறுவையும் கதிரும் முடிந்த ஒரு உம்மாவின் வீட்டில் இதற்குப் பதில் கிடைத்தது. நோய் திரும்பி வந்து கல்லீரல் வரை போய்விட்டது. ஆனால் அவரை வாட்டியது வலது கைதான். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு நீர் வடிய வழியில்லாமல் தோளிலிருந்து விரல் நுனி வரை வீங்கி, ஜாக்கெட்டின் ஒரு கையை வெட்டி விட்டிருந்தார். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது.

அங்கே வந்த பெண் பிசியோதெரபிஸ்ட் செய்த மசாஜை உழிச்சில்காரர் பார்த்தால் சிரிப்பார். தோல் மட்டும் லேசாக நகரும் அளவுக்கு ஒரு வருடல், அவ்வளவுதான். அதற்கு முன் கழுத்தும் மறு அக்குளும், அப்புறம்தான் வீங்கிய கை. முதலில் மேலே இடம் காலியானால்தானே கீழே உள்ளது நகரும்? பிறகு தோல் வெடிக்காமல் எண்ணெய்ப் பூச்சு. அதன்மேல் பஞ்சு, அதன்மேல் பட்டை பட்டையாகத் துணிக்கட்டு. விரலிலும் மணிக்கட்டிலும் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகத் தளர்வு. தலைகீழாகக் கட்டினால் நீர் கைக்குள்ளேயே தேங்கிவிடும். கட்டோடு கையை அசைக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். தசை சுருங்கி விரியும்போது கட்டு எதிர்த்து அழுத்தி நீரை மேலே தள்ளும்.

"என்ன அசைக்கணும்?" என்று உம்மா கேட்டார்.

"வீட்டில் என்ன வேலை செய்வீங்க?"

"பத்திரி பரத்துவேன். இப்போ எங்க..."

"அதைச் செய்யுங்க."

அரிசி மாவை உருட்டி, குழவியால் கண்ணாடி போல மெல்லிசாகத் தேய்ப்பது பத்திரி. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் வேலை செய்யும். எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் ரப்பர் பந்தைவிட நூறு மடங்கு மேல். அன்று அவர் செய்த நாலு பத்திரியும் வட்டமாக வரவில்லை என்று மருமகளிடம் குறைப்பட்டுக்கொண்டே எங்களுக்குப் பரிமாறினார். தேங்காய்ப்பாலில் தோய்த்துச் சாப்பிட்டோம்.

மஞ்சேரிப் பக்கம்

மலப்புரத்துக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு உண்டியல் இருக்கும். பாலியேட்டிவுக்கு. மீன் வாங்கி மீதிச் சில்லறையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். 1990களின் கடைசியில் இந்த மாவட்டத்தில்தான் அக்கம்பக்கத்துக்காரர்களே நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வேர்விட்டது. டிரைவர், வாத்தியார், வளைகுடாவிலிருந்து திரும்பியவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று பயிற்சி எடுத்த தன்னார்வலர்கள். 2008ல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வெளியிட்டது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

ஹோம் கேர் ஜீப்பில் நர்ஸ் சேச்சி, இரண்டு தன்னார்வலர்கள், டிரைவர், நான். பின்னால் பெட்டியில் காஸ், கதீட்டர், புண் வாடைக்குப் பொடித்துத் தூவ மெட்ரோனிடசோல் மாத்திரை. பிசியோ எல்லா நாளும் வருவதில்லை. எத்தனையோ பஞ்சாயத்துக்கு ஒருவர். இந்த ஊர்க் கதையைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நர்ஸும் தன்னார்வலரும் பாதி பிசியோவாகிவிட்டார்கள் என்பதும் இதனால்தான்.

மலை ஏறும் பாதையில் செங்கல் நிறத்தில் வெட்டுப்பாறை. இங்கே வீடெல்லாம் வெட்டுக்கல்லில்தான். பக்கத்து அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைப் பார்த்துத்தான் பிரான்சிஸ் புக்கானன் 1807ல் 'லாட்டரைட்' என்று உலகத்துக்குப் பெயர் சொன்னார். நனைந்த சுவரில் பாசி.

உள்ளே ஒரு அம்மா. புற்று முதுகெலும்புக்கும் தொடை எலும்புக்கும் பரவியிருந்தது. தொட்டாலே அலறுகிறார் என்று மகள் இரண்டு நாளாகப் புரட்டவே இல்லை. புட்டத்தில் தோல் சிவந்து, இன்னும் ஒரு நாள் விட்டால் புண். கட்டில் முழங்கால் உயரம்கூட இல்லை. மகள் குனிந்து குனிந்து தன் இடுப்பையும் போக்கிக்கொண்டாள்.

சேச்சி முதலில் மார்பின் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "இனி அரைமணி நேரம் சாயா" என்றார். வாய்வழி மார்பின் ஏற இருபது முப்பது நிமிஷமாகும். வலி தணியும் நேரத்தில் அசைக்க வேண்டுமே தவிர, அசைத்து வலித்த பிறகு மாத்திரை தேடக் கூடாது. எத்தனையோ வார்டுகளில் நான் பத்து மணிக்குப் போய் நிற்பேன், மாத்திரை பதினொன்றுக்கு வரும். இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டால் தீரும் விஷயம்.

சாயா நேரத்தில் தன்னார்வலர் இக்கா கொல்லைக்குப் போய், வீடு கட்டி மீந்த வெட்டுக்கல் நாலு தூக்கி வந்தார். கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. இப்போது மெத்தை மகளின் தொடையளவுக்கு வந்துவிட்டது. தலைமாட்டு ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி முடிச்சுகள் போட்டார். பிறகு என் முறை. பழைய முண்டை மடித்து அம்மாவின் முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் செலுத்தினோம். முதுகெலும்பு முறுக்காமல் தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். அக்குளில் கை கொடுத்து ஒருபோதும் தூக்கக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முண்டைப் பிடித்து உருட்டினோம். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை, முதுகுக்குப் பின்னால் இன்னொன்று. குதிகால் மெத்தையைத் தொடாமல் கெண்டைக்கால் அடியில் சுருட்டிய துண்டு. மகளை இரண்டு தடவை செய்யவைத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியில் முடிந்த அளவு.

அம்மா அலறவில்லை. அந்தக் கயிற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார்.

"நீங்களே பிடிச்சுக் கொஞ்சம் திரும்பிக்கலாம்."

"மாட்டைக் கட்டின கயிறா இது?"

அவர் கேட்ட விதத்தில் இக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கயிறு கொட்டிலிலிருந்து வந்ததுதான்.

அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் டீட்ஸ் புற்றுநோயாளிகளின் மறுவாழ்வை நாலாகப் பிரித்தார்: இழப்பு வராமல் தடுப்பது, இழந்ததை மீட்பது, மீளாததோடு வாழத் துணை நிற்பது, கடைசிக் கட்டத்தில் துன்பம் தணிப்பது. பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்தவள் நான். நாலாவதற்கு மாட்டுக் கயிறும் வெட்டுக்கல்லும் கருவி என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு பகல் கூடத்தில் நின்றோம். கமுகிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து முதுகுத்தண்டு போனவர்கள் குடை தைத்துக்கொண்டிருந்தார்கள். கேரளத்தில் பாலியேட்டிவ் என்றால் புற்று மட்டுமல்ல. நீண்ட காலம் படுக்கையில் இருக்கும் எல்லாரும் அதில் அடக்கம். பேச்சுக்கு நடுவில் ஒருவர் இரண்டு கையையும் ஊன்றிச் சக்கர நாற்காலியிலிருந்து உடம்பைத் தூக்கி, சற்று நிறுத்தி, இறக்கினார். பேச்சு நிற்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்தவர். புட்டத்தில் ரத்தம் ஓடுவதற்காக. சொல்லிக் கொடுத்த பிசியோதெரபிஸ்ட் இப்போது எங்கேயோ வளைகுடாவில் இருக்கிறாராம், பழக்கம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

நிலம்பூர்

சாலியாற்றுக்கு அக்கரையில் கோனோலித் தோட்டம். மலபார் கலெக்டராக இருந்த கோனோலி 1840களில் நடவைத்த தேக்குகள். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. கழுத்து வலிக்கு மருந்து சொல்கிறவள் நான்.

இங்கே பார்த்தது ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியரை. அவருக்கென்று பிசியோதெரபிஸ்ட் வைத்திருந்த நோட்டைத்தான் நான் அதிகம் புரட்டினேன். சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் பார்க்க வேண்டும் என்பது ஆசிரியர் கேட்டது. முதல் பக்கத்தில்: தனியாக நடந்து வராந்தா. அடுத்து: வாக்கரோடு. அடுத்து: நாற்காலியில் வைத்து இரண்டு பேர் தூக்கி. அதற்கடுத்து: வராந்தா வேண்டாம், கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை, மகன் பேப்பர் படிக்க வேண்டும். எனக்குப் பழக்கமான கணக்கில் இது தோல்விப் பட்டியல், எண்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் நாலு மணிக்கு நேரே டிக் இருக்கிறது. உடம்பு இறங்க இறங்க இலக்கையும் கூடவே இறக்கி, ஒருநாள்கூடத் தவறாமல் எட்ட வைத்திருக்கிறார் அந்தப் பிசியோதெரபிஸ்ட். முழங்காலை நூற்றிருபது பாகைக்குக் கொண்டுபோவதைவிட இது கடினமான வேலை என்று எனக்குப் பட்டது.

நாங்கள் போன அன்று அவர் கண் திறக்கவில்லை. தொண்டையில் கரகரப்பு. மகன் என்னிடம், "நெஞ்சைத் தட்டிச் சளி எடுத்து விடுங்களேன்" என்றார். கை பரபரத்தது. சேச்சி, "வேண்டாம், இனி அதெல்லாம் வேண்டாம்" என்றார். தட்டுவதும் குழாய் விட்டு உறிஞ்சுவதும் இந்த நேரத்தில் வதைதான். கரகரப்பு நம் காதுக்குத்தான் கொடுமை. மயக்கத்தில் இருக்கும் அவருக்கு அதில் சிரமம் இருக்காது என்று மகனுக்கு விளக்கினார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையை லேசாக உயர்த்தினோம். சத்தம் குறைந்தது. உதட்டை நனைக்கும் பொறுப்பு பேத்திக்கு. வேறு வேலை இல்லை. நோட்டில் அன்றைய இடத்தில் சேச்சி 'பொசிஷன்' என்று மட்டும் எழுதி டிக் போட்டார்.

ஷொர்ணூர் ரயில்

நிலம்பூரிலிருந்து ஷொர்ணூருக்கு ஒற்றைப் பாதை ரயில். இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய், 1954ல் மறுபடி போட்ட பாதை. நிலையங்கள் மேலெல்லாம் மரக்கிளைகள் கூரையாக மூடியிருக்கின்றன.

நம்மிடம் இல்லாததா இது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பாலியேட்டிவ் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீடு தேடிப் போகிறார்கள். உலகில் ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தக் கவனிப்பு தேவை, சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படிப் பார்த்தால் வாசலுக்கு ஒரு பிசியோ வருவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவர் அடுத்த தெருவுக்குப் போன பிறகு கட்டிலுக்குக் கல் தூக்கி வைக்கும் இக்கா நம் தெருவில் யார்? எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.

எதிரில் இருந்த அம்மா என் பையிலிருந்த பாலியேட்டிவ் நோட்டீஸ் ஒன்றைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று விசாரித்தார். சொன்னேன். உடனே முழங்காலை நீட்டிவிட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. என்ன எண்ணெய் தேய்ப்பது?

"எண்ணெய் இருக்கட்டும். வீட்டில் நீங்கள் உட்காரும் நாற்காலி எவ்வளவு உயரம்?"

கையால் காட்டினார். தரையிலிருந்து ஒரு சாண் கூட இல்லை, சாய்வு நாற்காலி. நாலு காலுக்கும் அடியில் கல் வைத்து உயர்த்துங்கள், எழுந்திருக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள் என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். அங்காடிப்புரத்தில் இறங்கும்போது வாசலில் நின்று திரும்பி, "அது சரி, எண்ணெய் எதுன்னு நீ சொல்லவே இல்லையே மோளே?" என்றார்.